யாரும் படம் எடுக்காத நாள்

அந்தக் கண்ணாடிக் கம்பெனியின் முன்கூடத்தில் என் படம் ஒன்று தொங்குகிறது. ஒரு கதவளவு பெரிது. இரண்டு கைகளையும் குவித்து, குழாயடியில் குனிந்து தண்ணீர் குடிக்கிறேன். மோவாயில் வழிகிறது. கண்கள் பாதி மூடியிருக்கின்றன. கீழே கொட்டை எழுத்தில் ‘தாகம் தீர்ந்த ஒரு முகம்’ என்று போட்டிருக்கிறார்கள்.

எனக்கு அன்றைக்குத் தாகமே இல்லை. பல வருடமாக என் வயிற்றெரிச்சல் இதுதான்.

நான் குழாய் வேலைக்காரன். எங்கள் தெருவுக்கு அந்தக் கம்பெனி கட்டிக்கொடுத்த தண்ணீர் அறைக்குத் தொட்டியிலிருந்து கடைசிக் குழாய் வரைக்கும் வேலை செய்தவன் நான்தான். திறப்பு விழாவன்று காலையில் கம்பெனி ஆட்கள் ஒரு பளிங்குக் கல்லில் தங்கள் பெயரைச் செதுக்கிக் கொண்டுவந்தார்கள். அதைப் பதிக்க என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சுவரில் துளை போட்டார்கள். துளை நேராக என் குழாயில் இறங்கியது. வரவேற்க நின்றவர்களின் இஸ்திரிச் சட்டையெல்லாம் தொப்பலாக நனைந்துவிட்டது. நான் ஓடிப்போய், சுவரைக் கொத்தி, ஓட்டை விழுந்த துண்டை வெட்டியெடுத்து, புதுத் துண்டு ஒட்டி, மேலே சிமெண்டு பூசினேன். கல்லை வாசல் பக்கமாக நகர்த்திப் பதித்தார்கள். ஒட்டுகிற பசையின் நாற்றம் தண்ணீரில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு வாய் குடித்தேன். அந்த நேரம் பார்த்து எவனோ படம் பிடித்துவிட்டான்.

என் வீட்டுக்காரியின் தம்பி அந்தக் கம்பெனிக்கு அட்டைப்பெட்டி இறக்கப் போகிறவன். அவன்தான் முதலில் பார்த்துவிட்டு வந்து சொன்னான். “மாமா, எங்க அக்கா உங்களுக்குத் தண்ணிகூடக் குடுக்கிறதில்லையா? படத்துல பாத்தா பாலைவனத்துல இருந்து தப்பிச்சு வந்த மாதிரி இருக்கீங்க.” அன்றிலிருந்து உறவில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் சொம்போடு வந்து நிற்பார். நான் முறைப்பேன். அவர்கள் சிரிப்பார்கள்.

அண்ணியிடம் போய்ப் புலம்பினேன்.

“நீ குடிச்சியா, குடிக்கலையா?” என்று கேட்டார்.

“குடிச்சேன். ஆனா...”

“அப்ப படம் பொய் இல்ல, எழுத்துதான் பொய். எழுத்தை மட்டும் அழிச்சுட்டு வா. படம் நல்லாத்தான் இருக்கு. உன் கல்யாணப் படத்துலகூட நீ இவ்வளவு லட்சணமா இல்ல.”

அந்த அண்ணியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். என் வயிற்றெரிச்சல் முந்திக்கொண்டது.

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகிவிட்டுத் திரிந்துகொண்டிருந்தேன். அண்ணிக்கு ஒல்லியான உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத கனத்த குரல். அவர் காதோடு ஒரு ரகசியம் சொன்னால் பக்கத்து வீட்டில் பதில் சொல்வார்கள். அண்ணன் அதற்கு நேர் எதிர். கண்ணாடிக் கம்பெனியில் பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற வண்டி ஓட்டுகிறவர். நாளெல்லாம் அந்த இரைச்சலில் இருந்துவிட்டு வருகிற மனுஷன் வீட்டில் வாயைத் திறப்பது சாப்பிட மட்டும்தான். இரண்டு பேருக்கும் எப்படித்தான் ஒத்துப்போனதோ, ஒத்துப்போனது. ஒரே மகள். அவள் குரலில் அம்மா, குணத்தில் அப்பா.

அண்ணி அப்போது ஒரு சட்டைக் கம்பெனிக்குத் தைக்கப் போய்க்கொண்டிருந்தார். அவர் வேலை காலர் மட்டும். கை தைப்பது வேறு வரிசை, பொத்தான் வேறு வரிசை. “ஊர்ல பாதிப் பேரு கழுத்து என் கையில இருக்கு” என்பார். அந்த வேலையை அவர் விட்ட கதையைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

சட்டை வாங்குகிற பெரிய கடைக்காரர்கள் எப்போதாவது பார்வையிட வருவார்களாம். வருகிற அன்றைக்கு எல்லாருக்கும் முகமூடி, தலைக்குத் தொப்பி, கழிப்பறையில் ஆளுக்கொரு புது சோப்பு, பூப்போட்ட துண்டு. வந்தவர்கள் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். கார் வாசலைத் தாண்டியதும் மேற்பார்வையாளர் ஒரு கூடையோடு வந்து சோப்பைத் திரும்ப வாங்கிக்கொள்வார். ஈரத்தைத் துடைத்து உறையில் போட்டு, அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வார்கள். ஒரு தடவை அண்ணி தன் சோப்பைக் கொடுக்கவில்லை.

“இதுல நான் கை கழுவிட்டேன் சார். என் அழுக்கு உங்களுக்கு எதுக்கு?” என்றாராம்.

அத்தோடு அந்த வேலை போயிற்று. சோப்பு மட்டும் வீட்டுக்கு வந்தது. அதைக் கரைய விடாமல் நெடுநாள் மாடத்தில் வைத்திருந்தார். யாராவது கேட்டால், “நான் வாங்கின மெடல்” என்பார்.

எங்கள் தெருத் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டு ஆழ்குழாயும் ஒவ்வொன்றாக உப்பாகிப்போனது. சோப்பு நுரைக்காது, வெள்ளைத் துணி பழுப்பாகும், பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு படியும். குடிக்கிற தண்ணீருக்கு லாரி வரவேண்டும். லாரி எப்போது வரும் என்று லாரிக்கே தெரியாது. அதற்காகக் காத்திருந்தே வேலைக்குப் பிந்திப்போன பெண்கள் உண்டு, பள்ளிக்கூடத்தில் வாசலுக்கு வெளியே நின்ற பிள்ளைகள் உண்டு. கண்ணாடிக் கம்பெனி பூமிக்கடியில் உறிஞ்சியதால்தான் நம் தண்ணீர் இப்படி ஆயிற்று என்று ஒரு பேச்சு இருந்தது. இல்லை, அது தானாகவே ஆனது என்று இன்னொரு பேச்சு. எது நிஜம் என்று எனக்குத் தெரியாது. குழாய்க்குள் வருவதுதான் எனக்குத் தெரியும், குழாய்க்குக் கீழே இருப்பது தெரியாது.

கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கை ஊருக்குச் செலவழிக்க வேண்டும் என்று ஓர் ஏற்பாடு உண்டாம். அதற்குச் சமூகப் பொறுப்பு என்று பெயர். அதற்கென்று தனிப் பிரிவு, அதற்கு ஓர் இளம் பெண் அதிகாரி. தெருவில் எல்லாரும் அவரைப் ‘பொறுப்பு மேடம்’ என்றே கூப்பிட்டோம். நல்ல பெண். செருப்பில் சேறு ஒட்டினாலும் முகம் சுளிக்காமல் வீடு வீடாக வந்து பேசினார். அப்படித்தான் அந்தத் தண்ணீர் அறை வந்தது. நீலத் தொட்டி, மோட்டார், உப்பை நீக்குகிற நீளமான வடிகட்டிக் குழல்கள், வெளிச்சுவரில் ஆறு குழாய், கீழே குடம் வைக்க மேடை.

“நம்மகிட்ட உறிஞ்சினதை நமக்கே ஊத்துறான். இதுக்கு ஒரு கல்லு வேற” என்று நான் முணுமுணுத்தேன்.

“எடுத்தது யாருன்னு நீ கண்டுபிடிச்சு முடிக்கிறதுக்குள்ள குடம் காலியா நிக்கும் தம்பி” என்றார் அண்ணி. “அதையும் கேப்போம். முதல்ல ஒரு குடம் பிடிச்சு வச்சுட்டுக் கேப்போம்.”

அறையைப் பார்த்துக்கொள்ளத் தெருவிலிருந்து ஒருவர் வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் சம்பளம் என்ன என்று கேட்டார்கள். அண்ணி சாவியும் ஒரு நாற்காலியும் கேட்டார். காலையில் திறப்பார், முதல் தண்ணீரைக் கோப்பையில் பிடித்து ஒரு சோப்புத் துண்டைக் கரைத்து நுரை வருகிறதா என்று பார்ப்பார், பிறகுதான் வரிசையை விடுவார். வரிசையில் நிற்காமல் குடத்தை மட்டும் நிறுத்திவிட்டு வம்பளக்கப் போகிறவர்களின் குடத்தைக் கடைசிக்கு நகர்த்திவிடுவார். அந்தக் கனத்த குரலுக்கு அப்போதுதான் சரியான வேலை கிடைத்தது.

முதல் வருடம் எல்லாம் நன்றாக நடந்தது. அப்புறம் வடிகட்டி அடைக்கத் தொடங்கியது. ஒரு குழாய் நின்றது, இன்னொன்று ஒழுகியது. கம்பெனி அனுப்புகிற ஆள் எப்போதாவது எட்டிப் பார்ப்பார், துடைப்பார், போவார். தண்ணீர் வந்தது. மெலிசாக வந்தது. சில நாள் நுரை வரவில்லை. அன்றைக்கு அண்ணி “இன்னைக்குத் துவைக்க மட்டும்” என்று கத்துவார்.

இந்த நிலையில்தான் கம்பெனிப் பெரியவர்கள் பார்வையிட வருவார்கள். எங்கள் தெருச் சங்கத்துக்கு ஒரு தலைவர். ஒலிபெருக்கி கையில் கிடைத்தால் இறக்க மாட்டார், அதனால் பெயர் ‘மைக்’. ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால் மைக்குக்கு ரெக்கை முளைத்துவிடும். சுவருக்கு வெள்ளை அடி. ஒழுகுகிற குழாயைக் கழற்று. கடையிலிருந்து பளபளப்பான குழாய் வாங்கி மாட்டு, போனபிறகு கழற்றித் திருப்பிக் கொடு. அது என் வேலை. லாரித் தண்ணீரை வாங்கித் தொட்டியில் நிரப்பு, ஆறு குழாயிலும் நல்ல தண்ணீர் கொட்டட்டும். அதுவும் என் வேலைதான். கூலி கொடுத்தார், செய்தேன். பாத்திரக் கடையிலிருந்து ஒரே நிறத்தில் புதுக் குடங்கள் வாடகைக்கு வரும். பெண்கள் நல்ல சேலையில் வரிசையாக நிற்பார்கள். வந்தவர்கள் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், படம் எடுப்பார்கள், போவார்கள்.

“நல்லா வச்சிருக்கோம்னு தெரிஞ்சாத்தான்யா இன்னும் குடுப்பான்” என்பது மைக்கின் கணக்கு. தெரு முழுக்க அதை நம்பியது.

அண்ணி வாயைத் திறக்கவில்லை. தெரு சொன்னதைச் செய்தார். ஆனால் வாடகைக் குடங்கள் திரும்பிப் போகும்போது என்னிடம், “சோப்பு ஞாபகம் வருது தம்பி” என்றார்.

ஒரு நாள் பொறுப்பு மேடம் முகமெல்லாம் சந்தோஷமாக வந்தார். கையில் இனிப்புப் பெட்டி. எல்லாரையும் தண்ணீர் அறை முன்னால் கூப்பிட்டார்.

“உங்க தெருதான் எங்க திட்டத்திலேயே முதல் இடம். எத்தனை தடவை வந்து பாத்தாலும் ஆறு குழாயும் ஓடுது. இப்ப நீங்க சொந்தக் கால்ல நிக்கிறீங்க. அதனால இந்தத் திட்டத்தை வெற்றிகரமா முடிச்சு உங்க கையிலேயே கொடுத்துடலாம்னு கம்பெனி முடிவு பண்ணியிருக்கு. அடுத்து நாங்க மரம் நடப் போறோம்.”

சில பேர் கை தட்டினார்கள். அண்ணி கேட்டார்: “முடிச்சுன்னா என்னம்மா அர்த்தம்?”

“வடிகட்டி மாத்துறது, ஆள் அனுப்புறது எல்லாம் இனிமே உங்க பொறுப்பு அக்கா. நிறைவு விழாவுக்கு டைரக்டரே வர்றார். ஒரு குறும்படமும் எடுக்கிறோம்.” பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். “அண்ணே, நீங்கதான் அதுல முக்கியம். அதே மாதிரி கையைக் குவிச்சு ஒரு தடவை குடிக்கணும்.”

எனக்கு நடுமண்டையில் சுர்ரென்று ஏறியது.

அந்த வடிகட்டிகள் எங்கள் கைக்கு எட்டுகிற பொருள் இல்லை. தெரு முழுவதும் சேர்ந்து போட்டாலும் ஒரு முறை மாற்றலாம், அடுத்த முறைக்குத் தாங்காது. கம்பெனி கையை விட்டால் அறை பூட்டிக்கொள்ளும். மறுபடி லாரி. இது மைக்குக்குக்கூட இனிப்பைத் தின்று முடித்தபிறகுதான் உறைத்தது.

அன்று மாலை சங்கத்தில் ஒரே கூச்சல். கம்பெனிக்காரனைத் திட்டினார்கள், மேடத்தைத் திட்டினார்கள். நானும் என் பங்குக்குத் திட்டினேன். அண்ணி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

“அவங்களை எதுக்குத் திட்டுறீங்க? நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு காட்டினது நாம. நல்லா இருக்கிற இடத்துல அவங்களுக்கு என்ன வேலை? கிளம்பிட்டாங்க.”

மைக் எழுந்தார். “சரி, இப்ப மாத்திக் காட்டுவோம். விழா அன்னைக்குச் சுவத்துல கரியைப் பூசுங்க. இருக்கிற குழாயையும் உடைங்க. பொம்பளைங்க எல்லாம் காலிக் குடத்தோட உக்காந்து அழணும். டைரக்டர் மனசு இளகிடும்.”

“இத்தனை நாள் சிரிச்சு நடிச்சோம். இனிமே அழுது நடிக்கணுமாண்ணே?” என்றார் அண்ணி. “எனக்கு ரெண்டும் வராது. அந்த ரூமு மத்த நாள்ல எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும். குழாய் மாட்ட வேணாம், உடைக்கவும் வேணாம். லாரித் தண்ணி வேணாம். வரிசை எப்படி நிக்குமோ அப்படி நிக்கட்டும். பாக்கிறவங்க பாத்துக்கட்டும்.”

“கோவிச்சுக்கிட்டு அப்படியே போயிட்டா?”

“இப்பவும் சிரிச்சுக்கிட்டுப் போகத்தான் போறாங்க. கோவிச்சுக்கிட்டுப் போனா என்ன கெட்டுப்போச்சு?”

மைக் உட்கார்ந்துவிட்டார். ஆனால் வீட்டில் ஒருவருக்குக் கவலை இருந்தது. அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே, தட்டைப் பார்த்தபடி சொன்னார்: “நான் அங்கதான் வண்டி ஓட்டுறேன்.”

“தெரியும்ங்க.”

“டைரக்டர் வந்தா எங்க சூப்பர்வைசரும் கூட வருவார்.”

“வரட்டும். அவருக்கும் தாகம் எடுக்கும்ல.”

அண்ணன் ஒரு கவளம் சாப்பிட்டார். இன்னொரு கவளம் சாப்பிட்டார். பிறகு, கேட்காமலே ஒரு விஷயம் சொன்னார். கம்பெனிக்குள்ளே தொழிலாளிகள் குடிக்க இதே மாதிரி ஒரு தண்ணீர் அறை இருக்கிறதாம். இதே தொட்டி, இதே குழல். மாதம் பிறந்தால் பராமரிப்பு ஆள் சாக்கில் புது வடிகட்டியைப் போட்டுக்கொண்டு வருவானாம், மாற்றுவானாம், போய்விடுவானாம். “அது ஒருநாளும் நின்னதில்லை” என்றார் அண்ணன். “அதைத் திறந்து வைக்க யாரும் ரிப்பனும் வெட்டலை.”

அண்ணி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீங்க பேசின நீளமான பேச்சு இதுதான்” என்றார்.

விழா நாள் வந்தது. பந்தல் போட்டிருந்தார்கள், ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். மைக் பழக்க தோஷத்தில் அதன் பக்கத்திலேயே நின்றார். தண்ணீர் அறை மட்டும் எந்த அலங்காரமும் இல்லாமல் இருந்தது. மூன்று குழாய் ஓடியது. ஒன்று துணி சுற்றி ஒழுகியது. இரண்டு மூடியிருந்தன. பெண்கள் வேலைக்குப் போகிற உடையில், நசுங்கின குடங்களோடு, நேரமாகிறதே என்ற முகத்தோடு நின்றார்கள். அண்ணி தன் நாற்காலியில் இருந்தார்.

காரிலிருந்து இறங்கிய பொறுப்பு மேடத்தின் முகம் வெளுத்துப்போனது. “அக்கா, என்ன இது? ஏன் இன்னைக்கு இப்படி?” என்று ரகசியமாகக் கேட்டார்.

“தினமும் இப்படித்தாம்மா” என்றார் அண்ணி. அது ஒலிபெருக்கி இல்லாமலேயே பந்தல் முழுவதும் கேட்டது.

டைரக்டர் எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர். அமைதியான ஆள். ஒரு கண்ணாடித் தம்ளரை அவர் கையில் கொடுத்து, குழாயில் பிடித்துக் குடிக்கச் சொல்லிப் படக்காரர்கள் தயாரானார்கள். அவர் குழாய்ப் பக்கம் குனிந்தபோது அண்ணி எழுந்து தம்ளரின் மேல் கையை வைத்தார்.

“வேணாம் சார். இன்னைக்கு நுரை வரலை. இது துவைக்கிற தண்ணி.”

அண்ணன் கூட்டத்தின் கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் அவருடைய சூப்பர்வைசர்.

படக்காரனுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. அவன் என்னைக் கண்டுபிடித்து, “அண்ணே, நீங்க வாங்க, கையைக் குவிங்க” என்று தோளைப் பிடித்து இழுத்தான். இத்தனை வருட வயிற்றெரிச்சலும் வாய்க்கு வந்துவிட்டது.

“எனக்குத் தாகமில்லைய்யா! அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. நான் குழாய்க்காரன். இந்தக் குழாயெல்லாம் போட்டது நான்!”

டைரக்டர் திரும்பி என்னை உற்றுப் பார்த்தார். “நீங்க... எங்க முன்கூடத்துல...”

“நான்தான்.”

“நான் தினமும் காலையில உங்களைப் பாத்துட்டுத்தான் உள்ள போறேன்” என்றார். அவர் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தம்ளரை மேடையில் வைத்துவிட்டு, “இதை யார் கடைசியா வந்து பாத்தது?” என்று மேடத்திடம் கேட்டார். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

அண்ணி குறுக்கே வந்தார். “அவங்களைக் கேக்காதீங்க சார். அவங்க வந்தப்பல்லாம் நாங்க லாரித் தண்ணிய ஊத்தி நல்லா இருக்குன்னு காட்டினோம். புதுக் குழாய் மாட்டினோம். குடங்கூட வாடகை. நல்லா இல்லைன்னு சொன்னா புடுங்கிட்டுப் போயிடுவீங்கன்னு ஒரு பயம். நீங்களும் வர்ற அன்னைக்குத்தான் பாத்தீங்க, வராத அன்னைக்கு எப்படி இருக்குன்னு கேக்கலை.”

“இப்ப என்னம்மா செய்யச் சொல்றீங்க?”

“உங்க கம்பெனிக்குள்ள ஒரு தண்ணி ரூம் இருக்கு. அங்க ஃபில்டர் மாத்துற அன்னைக்கு யாரும் படம் எடுக்கிறதில்லை, விழா வைக்கிறதில்லை. அதான் அது ஓடுது. எங்க ரூமையும் அதோட சேத்துக்குங்க. மேடை கழுவுறது, குழாய் பாக்கிறது, வரிசை பாக்கிறது நாங்க. எங்க கொழுந்தன் இருக்கான், சும்மா முறைச்சுக்கிட்டுத் திரியிறான். உள்ள இருக்கிற குழலை மட்டும் உங்க ரூமுக்கு மாத்துறப்ப இங்கயும் வந்து மாத்திடுங்க. கல்லுல உங்க பேரு அப்படியே இருக்கட்டும், நாங்க ஒண்ணும் அழிக்க மாட்டோம்.”

டைரக்டர் அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அந்தக் குழல்களையும் தொட்டியையும் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வந்து அண்ணியைப் பார்த்துத் தலையசைத்தார். காரில் ஏறிவிட்டார். குறும்படம் நின்றுபோனது. பந்தல்காரன் பந்தலைப் பிரித்தான்.

கதையென்றால் மறுநாளே வடிகட்டி வந்திருக்கும். வரவில்லை. மாதங்கள் போயின. பொறுப்பு மேடம் மரத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். நுரை வருகிற நாட்கள் குறைந்து, ஒரு கட்டத்தில் வராமலே போயிற்று. அண்ணி அறையைப் பூட்டினார். “கெட்ட தண்ணியைக் குடுத்து நல்ல பேரு வாங்க வேணாம்” என்றார். மறுபடி லாரி, மறுபடி காத்திருப்பு. முன்பு வரிசையில் அவரிடம் திட்டு வாங்கியவர்களெல்லாம் திருப்பிக் கொடுத்தார்கள். “மகாராணி வாயைத் திறந்தாங்க, குழாய் மூடிக்கிச்சு” என்று அவர் காதுபடவே சொன்னார்கள். அண்ணனை நிழலிலிருந்து வெளி முற்றத்து வேலைக்கு மாற்றினார்கள். அது தண்டனையா, தற்செயலா என்று யாரும் சொல்லவில்லை. கறுத்துப் போய் வருவார். ஒருநாள் நான் கேட்டதற்கு, “அவ சொன்னதுல தப்பில்லடா. சொன்ன நேரம்தான் வெயில்காலம்” என்றார். அவ்வளவுதான்.

அண்ணி அந்த நாட்களிலும் காலையில் போய் அறையைத் திறந்து, கூட்டி, மேடையைக் கழுவிவிட்டு வருவார். தண்ணீர் இல்லாத மேடையை எதற்குக் கழுவுகிறார் என்று எனக்குக் கோபம் வரும். “தண்ணி வர்ற அன்னைக்குக் கழுவிக்கலாம்ல?” என்றேன்.

“வர்ற அன்னைக்குக் கழுவினா அதுவும் சோப்புக் கதைதான் தம்பி” என்றார்.

மழை ஒன்று பெய்து விட்டிருந்த ஒரு காலையில், சாம்பல் நிறச் சட்டை போட்ட ஓர் ஆள் பழைய இரு சக்கர வண்டியில் வந்து இறங்கினார். பின்னால் சாக்கில் சுற்றின நீளமான ஏதோ ஒன்று. “தண்ணி ரூம் இதுதானே? நாங்க மாத்துற இடங்களோட புதுசா இதையும் சேத்துருக்காங்க” என்றார்.

“யாரு சேத்தா?” என்று கேட்டேன்.

“எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. நான் மெயின்டனன்ஸ். மாத்தச் சொன்னாங்க, மாத்துறேன்.”

மைக் எங்கிருந்துதான் மோப்பம் பிடித்தாரோ, கைபேசியைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்க ஓடிவந்தார். அந்த ஆள் மிரண்டுபோய், “ஐயோ, என்மேல ஏதும் கம்ப்ளெயின்டா சார்?” என்றார். அண்ணி மைக்கின் கையைக் கீழே இறக்கினார்.

“விடுங்கண்ணே. வேலையைப் பாக்கட்டும்.”

அந்த ஆள் பழைய குழலைக் கழற்றினார், புதியதைப் போட்டார், மோட்டாரைத் தட்டினார், கையைத் துடைத்துக்கொண்டு போனார். அண்ணி கோப்பையில் பிடித்துச் சோப்பைக் கரைத்தார். நுரை பொங்கி விரலில் வழிந்தது. அண்ணியின் அந்தக் குரல் அன்றைக்கு ஒருநாள்தான் வரவில்லை. நான்தான் தெருவைப் பார்த்துக் கத்தவேண்டியிருந்தது.

அடுத்த மாதமும் அந்த ஆள் வந்தார். அதற்கடுத்த மாதமும். இன்றுவரைக்கும் வருகிறார். பெரியவர்கள் யாரும் வருவதில்லை. கம்பெனி வெளியிடுகிற வருடப் புத்தகத்தில் எங்கள் தெரு ‘நிறைவடைந்தது’ என்றுதான் இருக்கிறதாம். இப்போது பொறுப்பு என்ற சொல்லைக் கேட்டால், மரம் நடப் போன அந்த நல்ல பெண்ணின் முகத்தோடு, சாக்கைச் சுருட்டி வண்டியில் கட்டிக்கொண்டு போகிற இந்த மனுஷனின் முதுகும் எனக்கு ஞாபகம் வருகிறது. தெரு முன்னேறிவிட்டதா என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. காலையில் பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே எங்கள் தெருப் பிள்ளைகள் நிற்பதில்லை. அது தெரியும்.

என் படம் இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது. எழுத்தும் அப்படியே. மச்சான் இப்போதும் சொம்பைக் காட்டுகிறான்.

அண்ணிக்கு இதயத்தில் கோளாறு என்று போன வருடம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் பார்க்கப் போன மத்தியானம் அண்ணன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மகள் தலைமாட்டில் விசிறிக்கொண்டிருந்தாள். அண்ணியின் குரல் மெலிந்து, எல்லாரையும் போல ஆகியிருந்தது. காதை அருகில் கொண்டுபோக வேண்டியிருந்தது.

“தம்பி, எனக்கு ஒண்ணு செய்யணும்.”

“சொல்லுங்க அண்ணி.”

“நான் போயிட்டா, மைக்கு அந்த ரூமுக்கு என் பேரை வைக்கணும்னு ஒரு கல்லைத் தூக்கிட்டு வருவாரு. ஒலிபெருக்கி வேற கட்டுவாரு. கட்டிட்டுப் போகட்டும். ஆனா சுவத்துல மட்டும் துளை போட விடாத.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “உள்ள நீ போட்ட குழாய் ஓடுது.”